கிராட்டமும் அமெரிக்க மாநிலச் சட்டங்களும்: எதைத் தடுப்பது, எதை முறைப்படுத்துவது?

டெக்சஸும் ஆர்க்கன்சாவும் சந்திக்கும் எல்லையில் டெக்சார்கானா என்றொரு ஊர் இருக்கிறது. ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஸ்டேட் லைன் அவென்யூ என்ற சாலை ஓடுகிறது. சாலைக்கு மேற்கே டெக்சஸ், கிழக்கே ஆர்க்கன்சா. மேற்குப் பக்கத்தில் 18 வயது நிரம்பிய யாரும் கடைக்குப் போய் கிராட்டம் இலைத்தூள் வாங்கலாம். அதை எப்படி விற்க வேண்டும், உறையில் என்ன அச்சிட வேண்டும் என்று டெக்சஸ் 2023-இல் சட்டமே இயற்றியிருக்கிறது. அதே பொட்டலத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாலையைக் கடந்தால் கதை மாறிவிடும். ஆர்க்கன்சா 2016-இலேயே கிராட்டத்தை ஹெராயினோடு சேர்த்து முதல் அட்டவணையில் வைத்துவிட்டது. எதிர்ப்பக்க நடைபாதையில் கால் வைத்ததும் அந்த வாடிக்கையாளர் போதைப்பொருள் வைத்திருந்த குற்றத்துக்கு ஆளாகிறார்.

புதுச்சேரியில் வாங்கிய மதுப்புட்டியோடு கோரிமேட்டுச் சோதனைச்சாவடியில் சிக்கியவர்களை அறிந்த நமக்கு, எல்லை தாண்டினால் சட்டம் மாறுவது புதிதாகத் தோன்றாது. ஆனால் இந்தியாவில் அப்படி மாறுவது பெரும்பாலும் மதுவிலக்குதான். போதைப்பொருள்களுக்கு 1985-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்றுதான், நாடு முழுக்க அதுவே செல்லும். அமெரிக்காவில் கூட்டாட்சி அரசுக்கு ஓர் அட்டவணை, ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி அட்டவணை. கூட்டாட்சி அரசு தொடாத பொருளையும் ஒரு மாநிலம் தானாகவே தடை செய்யலாம். கிராட்டத்துக்கு நேர்ந்தது இதுதான். வாஷிங்டன் முடிவெடுக்காமல் நின்றுவிட, மாநிலங்கள் ஆளுக்கொரு பக்கம் நடந்தன.

அந்தப் பாதைகளை வரிசையாகப் பார்த்து, எது மக்களைக் காத்தது, எது கைவிட்டது என்று எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரத்தின் பெயரைப் பார்த்துச் சட்டம் போட்ட மாநிலங்கள் தவறின. கடையில் விற்கும் பண்டம் எது, அதில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று பார்த்த மாநிலங்களே சரியான திசையில் போகின்றன. ஆனால் அவையும் பாதி வழியில்தான் நிற்கின்றன.

இலைக்குள் இருப்பது

கிராட்டம் மரத்தின் தாவரவியல் பெயர் மித்ராகைனா ஸ்பெசியோசா. காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ஊர் நீர்க்கடம்பும் இதே மித்ராகைனா பேரினம்தான். தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, பப்புவா நியூகினி ஆகியவை இதன் தாயகம். மலாய் மொழியில் இதைக் கெத்தும் என்பார்கள். தென் தாய்லாந்தின் ரப்பர்ப் பால் வெட்டுவோரும் மீனவர்களும் களைப்புத் தெரியாமல் உழைக்கப் பச்சை இலையை மெல்லுவது நெடுங்காலப் பழக்கம். வட மலேசியாவில் இலையைக் கொதிக்கவைத்து வடித்த கசப்பு நீரைக் குடிக்கிறார்கள்.

இலையில் பல ஆல்கலாய்டுகள் உண்டு. சட்டத்துக்கு முக்கியமானவை இரண்டு. மித்ராகைனின் அளவில் அதிகம். 7-ஹைட்ராக்சிமித்ராகைனின், வணிகச் சுருக்கப்படி 7-ஓஎச், இயற்கை இலையில் மிகச் சிறிய அளவிலேயே இருக்கும். மார்ஃபின் எந்த ஏற்பியில் வேலை செய்கிறதோ அதே மியூ-ஓபியாய்டு ஏற்பியில் இவையும் ஒட்டுகின்றன. மித்ராகைனின் அந்த ஏற்பியை ஓரளவுதான் தூண்டும். 7-ஓஎச் அதைவிடப் பலமடங்கு வலிமையானது. விலங்குகளில் செய்த ஆய்வுகளில் மார்ஃபினையும் விஞ்சியது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், மாநிலச் சட்டங்களின் குளறுபடிகள் பாதிக்குமேல் விளங்கிவிடும்.

அமெரிக்காவுக்கு வரும் தூளில் பெரும்பங்கு இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தானிலிருந்து வருகிறது. காப்புவாஸ் ஹுலு பகுதி விவசாயிகளுக்கு இது முக்கியமான பணப்பயிர். அங்கிருந்து பொந்தியானாக் துறைமுகம் வழியாகக் கப்பலேறி, அமெரிக்காவின் பெட்ரோல் பங்குகளிலும் புகையிலைக் கடைகளிலும் இணையத்திலும் விற்பனையாகிறது. 2021-இல் எடுக்கப்பட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, அந்த ஆண்டில் கிராட்டம் உட்கொண்ட அமெரிக்கர்கள் ஏறத்தாழ 17 லட்சம் பேர்.

வாஷிங்டன் எடுக்காத முடிவு

2016 ஆகஸ்ட் 30 அன்று போதைப்பொருள் அமலாக்க முகமை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மித்ராகைனினையும் 7-ஓஎச்-ஐயும் அவசர நடவடிக்கையாக முதல் அட்டவணையில் சேர்க்கப்போவதாக அது சொன்னது. மருத்துவப் பயன் இல்லாதவை, தவறாகப் பயன்படும் அபாயம் மிக அதிகம் உள்ளவை என்று கருதப்படும் பொருள்களுக்கான பட்டியல் அது. பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் கட்டமே அந்த அறிவிப்பில் இல்லை.

எதிர்ப்பு கிளம்பியது. வலிநிவாரண மாத்திரைகளுக்கு அடிமையாகி, அதிலிருந்து மீளக் கிராட்டத்தைப் பற்றிக்கொண்டவர்கள் வெள்ளை மாளிகை முன்பு திரண்டனர். இரு கட்சிகளையும் சேர்ந்த 51 பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் கடிதம் எழுதினர். அக்டோபர் மாதம் முகமை தன் அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கருத்துக் கேட்கத் தொடங்கியது. 23,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்து குவிந்தன. அவசரத் தடை அறிவிப்பு ஒன்றை அந்த முகமை இப்படி விலக்கிக்கொண்டது மிக அரிது.

அதோடு முடியவில்லை. 2017-இல் சுகாதாரத் துறை மீண்டும் தடையைப் பரிந்துரைத்தது. 2018 ஆகஸ்டில் அத்துறையின் உதவிச் செயலர் பிரெட் ஜிரோய்ர், சான்றுகள் போதவில்லை என்று அந்தப் பரிந்துரையையும் விலக்கிக்கொண்டார். 2021-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சர்வதேசக் கட்டுப்பாட்டுக்கான முழு மறுஆய்வு தேவையில்லை, கண்காணித்தால் போதும் என்றது. இரு கட்சிகளைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் மைக் லீயும் மார்க் போக்கனும் 2023-இல் கொண்டுவந்த கூட்டாட்சி நுகர்வோர் பாதுகாப்பு மசோதா நிறைவேறவில்லை.

இதற்கிடையே உணவு மருந்து நிர்வாகம் வேறொரு வழியில் நெருக்கியது. பாதுகாப்பு நிரூபிக்கப்படாத புதிய சேர்மானம் என்பதால் கிராட்டம் கலந்த உணவும் துணை உணவும் கலப்படப் பண்டம் என்பது அதன் நிலைப்பாடு. இறக்குமதியாகும் சரக்கைத் துறைமுகத்திலேயே தடுத்து வைக்கும் உத்தரவுகளைப் பிறப்பித்தது. 2014-இல் கலிபோர்னியாவின் வான் நைஸில் 25,000 பவுண்டுக்கு மேற்பட்ட மூலப்பொருள் கைப்பற்றப்பட்டது. ஆக, கூட்டாட்சிப் போதைப்பொருள் சட்டத்தின்படி கிராட்டம் குற்றமில்லை. கூட்டாட்சி உணவுச் சட்டத்தின்படி அதை உணவாக விற்பது முறையில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வெற்றிடத்தில்தான் மாநிலங்கள் சட்டம் இயற்றின.

தடை விதித்த மாநிலங்கள்

2025 முடிவில் அலபாமா, ஆர்க்கன்சா, இந்தியானா, லூயிசியானா, வெர்மான்ட், விஸ்கான்சின் ஆகிய ஆறு மாநிலங்களில் கிராட்டத்துக்கு முழுத் தடை இருந்தது. ரோட் ஐலண்டில் தடை இருந்தாலும் அது விடைபெறும் கட்டத்தில் இருந்தது.

இந்தத் தடைகள் எப்படி வந்தன என்பதைப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். 2010-க்குப் பின் வந்த ஆண்டுகளில் ஸ்பைஸ், பாத் சால்ட்ஸ் போன்ற ஆய்வகப் போதைப்பொருள்கள் அமெரிக்கக் கடைகளில் பெருகின. மாநிலங்கள் பதறிப்போய் நீண்ட வேதிப்பெயர்ப் பட்டியல்களோடு சட்டங்களை நிறைவேற்றின. இந்தியானா மித்ராகைனினையும் செயற்கைப் போதைப்பொருள் பட்டியலுக்குள் இழுத்துப்போட்டது. மரத்தில் துளிர்க்கும் இலையின் சத்து சட்டத்தின் கண்ணில் ஆய்வகத் தயாரிப்பாகிவிட்டது. விஸ்கான்சின் 2014-இல் மித்ராகைனினையும் 7-ஓஎச்-ஐயும் சேர்த்தே முதல் அட்டவணையில் வைத்தது. கிராட்டத்தைப் பற்றித் தனியாக விசாரித்து, அதைப் பயன்படுத்துவோரைக் கேட்டு, நிதானமாக எடுத்த முடிவுகளாக இவற்றைச் சொல்ல முடியாது.

யார் தடை செய்தார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. அலபாமாவில் 2016-இல் சட்டமன்றம் விவாதித்துச் சட்டம் நிறைவேற்றியது. ஆர்க்கன்சாவிலும் வெர்மான்ட்டிலும் ரோட் ஐலண்டிலும் சுகாதாரத் துறை ஒரு விதித்திருத்தத்தின் மூலம் தடையைக் கொண்டுவந்தது. ஓர் அதிகாரியின் ஆணையால் வந்த தடைக்குப் பொது விவாதமும் குறைவு, பின்னாளில் திருத்தும் வாய்ப்பும் குறைவு. ஆனால் அதன் விளைவாகச் சிறைக்குப் போகிறவர் சட்டமன்றத் தடையில் சிக்கியவர் போலத்தான் சிறைக்குப் போகிறார். அலபாமாவில் முதல் அட்டவணைப் பொருளைச் சொந்தப் பயனுக்கு வைத்திருப்பதே பெருங்குற்றம். சாட்டஹூச்சி ஆற்றின் இக்கரையில் ஜார்ஜியாவின் கொலம்பஸ் நகரம், அக்கரையில் அலபாமாவின் ஃபீனிக்ஸ் சிட்டி. பாலத்தின் ஒரு முனையில் ரசீதோடு வாங்கிய பொருளுக்கு மறுமுனையில் குற்றப்பதிவு. அந்தப் பதிவு பிறகு வேலைக்கும் வீட்டு வாடகைக்கும் குறுக்கே நிற்கும்.

மாநிலத்துக்குள்ளேயும் எல்லைகள் உண்டு. கலிபோர்னியாவில் தடைச் சட்டம் இல்லாத காலத்திலேயே சான் டியேகோ நகரம் 2016-இல் தடை விதித்தது. புளோரிடா முழுவதும் கிடைத்தபோதும் சரசோட்டா கவுன்டியில் 2014 முதல் தடை. டென்வர் நகரம் 2017-இல் மனிதர் உட்கொள்வதற்காக விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. விளைவு என்ன? மனித நுகர்வுக்கு அல்ல என்ற வாசகம் உறையில் ஏறியது. வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறார் என்பது விற்பவருக்குத் தெரியும். ஆனால் அந்த வாசகத்தை அச்சிட்ட பிறகு, எவ்வளவு உட்கொள்ளலாம், எந்த மருந்தோடு சேரக்கூடாது என்ற எச்சரிக்கையை அதே உறையில் போட முடியாது. பாதுகாப்புக்காகப் போட்ட உத்தரவு பாதுகாப்புத் தகவலையே உறையிலிருந்து அகற்றிவிட்டது.

தடை எனும் வழி பழங்கதையாகிவிடவில்லை. லூயிசியானா பல ஆண்டுகள் விற்பனையை அனுமதித்த மாநிலம். 2025-இல் தடைச் சட்டம் இயற்றி, ஆகஸ்ட் 1 முதல் அமலாக்கியது. ரோட் ஐலண்டு எதிர்த்திசையில் நடந்தது. தடையை நீக்கி, 21 வயது வரம்போடும் உரிம முறையோடும் விற்பனையை அனுமதிக்கும் சட்டத்தை 2025-இல் இயற்றியது. அமலாகும் நாளாக 2026 ஏப்ரல் 1 குறிக்கப்பட்டது. ஒரே காலத்தில் ஒரு மாநிலம் கதவைச் சாத்துகிறது, இன்னொன்று திறக்கிறது. இருவரும் படித்த ஆய்வுகள் ஒன்றேதான்.

முறைப்படுத்திய மாநிலங்கள்

2019-இல் யூட்டா முதல் அடியை எடுத்து வைத்தது. அது இயற்றிய கிராட்டம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியானது. அதே ஆண்டில் ஜார்ஜியா, அரிசோனா, நெவாடா ஆகியவை பின்தொடர்ந்தன. பிறகு ஓக்லஹோமா, ஒரிகன், கொலராடோ, டெக்சஸ், வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி, மேரிலாண்ட், தென் கரோலினா, நெப்ராஸ்கா என்று வரிசை நீண்டது.

பெயர் ஒன்றானாலும் உள்ளடக்கம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பொதுவாக நான்கு விதிகளைப் பார்க்கலாம். வயது வரம்பு சில இடங்களில் 18, சில இடங்களில் 21. வேறு போதைப்பொருளோ ஆபத்தான வேதிப்பொருளோ கலக்கக் கூடாது. உறையில் சேர்மானமும் உட்கொள்ளும் அளவும் இருக்க வேண்டும். மொத்த ஆல்கலாய்டுகளில் 7-ஓஎச் இவ்வளவு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. யூட்டா இவற்றோடு நின்றுவிடாமல், தயாரிப்புகளை மாநில வேளாண் உணவுத் துறையிடம் பதிவு செய்யவும் கட்டாயப்படுத்தியது.

இந்தச் சட்டங்கள் ஏன் தேவைப்பட்டன என்பதற்கு 2018-ஆம் ஆண்டே விடை சொல்லும். அந்த ஆண்டு கிராட்டம் பொருள்களில் சால்மொனெல்லா கிருமி புகுந்து 41 மாநிலங்களில் 199 பேர் நோயுற்றனர். லாஸ் வேகஸ் நிறுவனம் ஒன்று சரக்கைத் தானாகத் திரும்பப் பெறாததால், உணவு மருந்து நிர்வாகம் தன் வரலாற்றிலேயே முதன்முறையாகக் கட்டாயத் திரும்பப்பெறல் உத்தரவைப் பிறப்பித்தது. அடுத்த ஆண்டு அந்நிர்வாகம் 30 கிராட்டம் பொருள்களைச் சோதித்ததில் ஈயமும் நிக்கலும் கவலைப்படும் அளவில் இருந்தன. இலையின் ஆல்கலாய்டுக்கும் இந்தக் கேடுகளுக்கும் சம்பந்தமே இல்லை. உலர்த்தும் களத்திலும் அரைக்கும் ஆலையிலும் யாரும் மேற்பார்க்காததால் வந்தவை. மிளகாய்த்தூளுக்குக் கேட்கும் சுத்தத்தைக் கேட்டிருந்தாலே தவிர்த்திருக்கலாம்.

இந்தச் சட்டங்களை மாநிலம் மாநிலமாகப் போய் வாதாடி நிறைவேற்றவைத்ததில் பெரும்பங்கு அமெரிக்கக் கிராட்டம் சங்கத்துக்கு உண்டு. அது பயன்படுத்துவோரின் குரலாகவும் விற்பனைத் தொழிலின் குரலாகவும் பேசும் அமைப்பு. அதனாலேயே சட்டம் தவறாகிவிடாது. ஆனால் தொழில்துறை எழுதித்தரும் வரைவில் எது விடுபட்டிருக்கிறது என்று சட்டமன்றம் தேடிப் பார்க்க வேண்டும். பல இடங்களில் விடுபட்டது அமலாக்கம்தான். தொடர்ந்து மாதிரி எடுத்துச் சோதிக்கும் ஆய்வகமும் அதற்கான நிதியும் இல்லாத இடத்தில், விழுக்காட்டு வரம்பு காகிதத்திலேயே நின்றுவிடும்.

அந்த விழுக்காட்டு வரம்பிலேயே ஓர் ஓட்டையும் இருக்கிறது. யூட்டா முன்மாதிரியின்படி 7-ஓஎச் மொத்த ஆல்கலாய்டில் 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஒரு கிராம் இலைத்தூளில் 20 மில்லிகிராம் ஆல்கலாய்டு இருப்பதாக வைத்துக்கொண்டால், அதில் 0.4 மில்லிகிராம் வரை 7-ஓஎச் இருக்கலாம். இலைத்தூளுக்கு இது நல்ல வரம்பு. ஆனால் விகிதம் மாறாமல் எல்லாவற்றையும் சேர்த்துச் செறிவாக்கினால்? பத்து, இருபது கிராம் இலையின் மித்ராகைனினைச் சிறு குப்பியில் அடைத்து ஒரே மடக்கில் குடிக்கும்படி விற்றாலும் விகிதம் 2 விழுக்காட்டுக்குள்தான் இருக்கும். சட்டம் மீறப்படவில்லை. உடம்புக்குள் போகும் அளவோ பலமடங்கு. ஆகவே விழுக்காட்டு வரம்போடு ஒரு வேளைக்கு இத்தனை மில்லிகிராம் என்ற வரம்பும் சேராவிட்டால் அந்த விதி பாதிக் காவல்தான்.

பின்னர் வந்த திருத்தங்கள் இன்னும் இறுக்கமானவை. ஜார்ஜியா 2024-இல் இயற்றிய திருத்தம் வயது வரம்பை 21 ஆக உயர்த்தியது. வாடிக்கையாளர் தானே எடுக்க முடியாதபடி சரக்கைக் கவுன்டருக்குப் பின்னால் வைக்கச் சொன்னது. புகையாக இழுக்கும் வடிவங்களைத் தடுத்தது. முதலில் கதவைத் திறந்த மாநிலங்களில் ஒன்று ஐந்தாண்டு அனுபவத்துக்குப் பின் தன் சட்டத்தைத் தானே கடுமையாக்கியதில் மற்றவர்களுக்குப் பாடம் இருக்கிறது.

மாத்திரை வந்ததும் மாறிய நிலைமை

கடந்த சில ஆண்டுகளில் அமெரிக்கக் கடைகளில் புதுப்பண்டம் ஒன்று நுழைந்தது. மிட்டாய் போன்ற நிறம், பழச்சுவை, நான்காக உடைப்பதற்கு நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு. உறையில் கிராட்டம் என்ற சொல்லும் இலைப்படமும் இருக்கும். உள்ளே இருப்பதோ செறிவூட்டிய 7-ஓஎச். இலையிலிருந்து பிரித்த மித்ராகைனினை வேதிவினைக்கு உட்படுத்தி இதைத் தயாரிக்கிறார்கள். 15 மில்லிகிராம் 7-ஓஎச் உள்ள ஒரு மாத்திரையை மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டால், அந்த அளவை எட்ட 37 கிராமுக்கு மேல் இலைத்தூளை ஒரே வேளையில் விழுங்க வேண்டும். கசப்பும் குமட்டலும் அதற்கு விடாது. இலை தனக்குத்தானே போட்டுக்கொண்டிருந்த வேலியை மாத்திரை தாண்டிவிட்டது.

2025 ஜூலை 29 அன்று உணவு மருந்து நிர்வாகம் 7-ஓஎச்-ஐ அட்டவணையில் சேர்க்கப் பரிந்துரைத்தது. அதன் ஆணையர் மார்ட்டி மக்காரி, தங்கள் நடவடிக்கை செறிவூட்டிய பொருளைக் குறிவைத்தது, இயற்கை இலையைக் குறிவைத்தது அல்ல என்று பிரித்துச் சொன்னார். கிராட்டத்தை முழுசாக எதிர்த்துவந்த நிர்வாகத்திடமிருந்து வந்த இந்தப் பிரிப்பு முக்கியமான திருப்பம். இரண்டு வாரத்தில் புளோரிடாவின் அரசுத் தலைமை வழக்கறிஞர் ஜேம்ஸ் உத்மயர் அவசர விதியின் மூலம் செறிவூட்டிய 7-ஓஎச்-ஐ மாநிலத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார். இலைப்பொருள்கள் அங்கே 21 வயது நிரம்பியவர்களுக்குத் தொடர்ந்து கிடைத்தன. மிசிசிப்பியும் அதே ஆண்டில் 21 வயது வரம்போடு 7-ஓஎச்-க்குக் கட்டுப்பாடு விதித்தது. இலையையும் மாத்திரையையும் வேறு பிரிக்கும் எண்ணம் டென்னசி மாநிலத்தின் 2018-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே முளைவிட்டிருந்தது. இயற்கைத் தாவர வடிவத்தை 21 வயது நிரம்பியவர்களுக்கு அனுமதித்து, செயற்கை வடிவத்தை அது வெளியே நிறுத்தியது.

சான்றுகள் சொல்வது

கிராட்டம் தீங்கற்றது என்பவர்களுக்கும் அது கொலைகாரப் பொருள் என்பவர்களுக்கும் சங்கடம் தரும் தரவுகள் இரு பக்கமும் இருக்கின்றன.

நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2016 ஜூலை முதல் 2017 டிசம்பர் வரை 27 மாநிலங்களில் நேர்ந்த 27,338 மிகையளவு மரணங்களை ஆராய்ந்தது. 152 பேரின் உடலில் கிராட்டம் இருந்தது. 91 மரணங்களில் அதுவும் ஒரு காரணமாகப் பதிவானது. வேறெந்தப் பொருளும் சோதனையில் தென்படாதவர்கள் ஏழு பேர். மற்றவர்களிடம் பெரும்பாலும் ஃபென்டனிலோ ஹெராயினோ வேறு மருந்தோ உடனிருந்தது. கிராட்டத்தின் பெரிய அபாயம் கலவையில் இருக்கிறது என்று இதிலிருந்து புரிகிறது. மித்ராகைனின் ஈரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதி ஒன்றை முடக்குவது அறிந்த செய்தி. அதனால் உடன் உட்கொள்ளும் மருந்து ரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கக்கூடும். இந்த ஒரு வரி எச்சரிக்கை ஒவ்வொரு உறையிலும் இருந்தாக வேண்டும்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட இணையவழிக் கணக்கெடுப்பில் 2,798 பேர் பதிலளித்தனர். பத்தில் ஒன்பது பேர் வலிக்காகவும், 41 விழுக்காட்டினர் ஓபியாய்டுகளைக் குறைக்கவோ விடவோ பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். மிதமான அல்லது கடுமையான அடிமைத்தனத்தின் அறிகுறிகள் மூன்று விழுக்காட்டுக்கும் குறைவானவர்களிடமே தென்பட்டன. தாங்களாக முன்வந்து பதிலளித்தவர்கள் என்பதால் இந்த எண்ணை அப்படியே எல்லாருக்கும் பொருத்த முடியாது.

எதிர்ப்பக்கச் சான்று மலேசியாவிலிருந்து வருகிறது. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையம் இத்துறையில் உலகம் மேற்கோள் காட்டும் இடம். அங்கே விக்னசிங்கம், தர்ஷன் சிங் ஆகியோர் பங்கேற்று 2014-இல் வெளிவந்த ஆய்வு, வட மலேசியாவில் தொடர்ந்து குடித்துவந்த 293 பேரை எடுத்துக்கொண்டது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் கடுமையான சார்பு காணப்பட்டது. நிறுத்தியபோது உடல்வலி, தூக்கமின்மை, மூக்கொழுக்கு, மனச்சோர்வு. அதே மையம் 2020-இல் 26 ஆண்களிடம் கட்டுப்பாட்டு முறைப்படி நடத்திய சோதனையில், கெத்தும் நீர் வலி தாங்கும் ஆற்றலைக் கூட்டியதும் பதிவானது. பயனும் சார்பும் ஒரே குவளையில் இருக்கின்றன. அடிமைப்படுத்தாத மூலிகை என்று விளம்பரம் செய்வது பொய். எந்தப் பயனும் இல்லாதது என்று முதல் அட்டவணையில் அடைப்பதும் பொய்.

நீதிமன்றங்களும் இப்போது இந்த வெற்றிடத்துக்குள் வந்திருக்கின்றன. 2023 ஜூலையில் புளோரிடாவில் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, கிராட்டம் உட்கொண்டு இறந்த தாயின் குடும்பத்துக்கு விற்பனையாளர் 1.1 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே மாதம் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு நடுவர் குழு 25 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. எச்சரிக்கை இல்லாமல் விற்றால் விலை கொடுக்க நேரும் என்று தொழிலுக்குப் புரியவைத்த தீர்ப்புகள் இவை. ஆனால் இழப்பீடு மரணத்துக்குப் பிறகே வருகிறது. சட்டமன்றம் முன்னதாகச் செய்யத் தவறிய வேலையை நீதிமன்றம் பின்னால் செய்கிறது.

தாயகத்தில் நடந்தவை

தாய்லாந்து 1943-இலேயே கிராட்டத்தைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அன்று அரசுக்கு அபின் வரி பெரிய வருமானம். அபின் விலை ஏற ஏறப் பலர் இலவசமாகக் கிடைத்த இலைக்கு மாறிக்கொண்டிருந்தார்கள் என்பதே அந்தத் தடையின் பின்னணி. 1979-இல் போதைப்பொருள் சட்டத்தின் ஐந்தாம் பிரிவிலும் அது சேர்ந்தது. மரங்கள் வெட்டப்பட்டன, கிராமத்தார் வழக்குகளைச் சுமந்தனர். இலை மெல்லுவது ஒழியவில்லை. இருமல் மருந்தும் கோலாவும் கலந்த புதுக் கலவை ஒன்று தெற்கின் இளைஞர்களிடம் பரவியதுதான் கூடுதல் விளைவு. 2021 ஆகஸ்ட் 24 அன்று அரசு கிராட்டத்தைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. 2022-இல் தனிச் சட்டம் இயற்றி, 18 வயதுக்குட்பட்டோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் விற்பதைத் தடுத்தது.

மலேசியாவில் 1952-ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டம் இதைக் கட்டுப்படுத்துகிறது. மித்ராகைனின் 2003-இல் அதன் பட்டியலில் சேர்ந்தது. தண்டனை 10,000 ரிங்கிட் வரை அபராதம், நான்காண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆனாலும் கெதா, பெர்லிஸ் மாநிலங்களில் கெத்தும் நீர் பிளாஸ்டிக் பைகளில் கைமாறிக்கொண்டேதான் இருக்கிறது. இலையோடு நெடுநாள் பழகிய இரு அண்டை நாடுகள் இன்று இரு முனைகளில் நிற்கின்றன. எண்பது ஆண்டு அனுபவத்துக்குப் பின் தாய்லாந்து வந்து சேர்ந்த இடம், வயதும் வடிவமும் பார்த்து முறைப்படுத்துவது.

செய்ய வேண்டியவை

இத்தனையையும் தொகுத்துப் பார்த்தால், ஒரு மாநிலச் சட்டம் நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது, எந்தப் பண்டத்தைப் பற்றிப் பேசுகிறோம்? இலை, இலைத்தூள், செறிவூட்டிய சாறு, 7-ஓஎச் மாத்திரை ஆகிய நான்குக்கும் ஒரே விதி பொருந்தாது. செறிவூட்டிய 7-ஓஎச்-ஐப் பெட்ரோல் பங்கில் மிட்டாயோடு விற்க எந்த நியாயமும் இல்லை. அது மருந்தாக வேண்டுமானால் மருந்துக்குரிய சோதனைகளைக் கடந்து வரட்டும். இரண்டாவது, ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம்? விழுக்காடு மட்டும் போட்டு நிறுத்துவது கண்துடைப்பு. மூன்றாவது, யார் சோதிக்கிறார்கள், எந்தப் பணத்தில்? பதிவுக் கட்டணத்திலிருந்தே ஆய்வகச் செலவை எடுக்கலாம். கடைகளில் முன்னறிவிப்பின்றி மாதிரி எடுக்க வேண்டும். நான்காவது, தவறினால் தண்டனை யாருக்கு? கலப்படம் செய்த தயாரிப்பாளருக்கும் சிறுவர்க்கு விற்ற கடைக்காரருக்கும் கடுமை தேவை. வலிக்காக ஒரு பொட்டலம் வாங்கிச் சாலையைக் கடந்தவரைப் பெருங்குற்றவாளியாக்கக் கூடாது. தடையைத் தொடர விரும்பும் மாநிலங்களும் சொந்தப் பயனுக்கு வைத்திருப்பதைச் சிறைத் தண்டனையிலிருந்து விலக்கலாம். தடையின் நோக்கம் அதனால் குலையாது.

இந்த நான்கையும் வாஷிங்டன் ஒரே சட்டத்தில் செய்தால் எல்லைக்கோட்டுக் கொடுமைகள் ஒரு நாளில் தீரும். அதுவரை காத்திருக்க மாநிலங்களுக்கு நேரமில்லை. மாத்திரை வடிவம் ஒரு பெயரில் தடைபட்டால், மூலக்கூறில் சிறு மாற்றத்தோடு இன்னொரு பெயரில் கடைக்கு வந்துவிடும். பெயர்ப்பட்டியலைத் துரத்தும் சட்டம் எப்போதும் சந்தைக்குப் பின்னால்தான் ஓடும். ஓபியாய்டு ஏற்பியில் வேலை செய்யும் செறிவூட்டிய எந்தப் பொருளையும் பாதுகாப்பை நிரூபிக்காமல் சில்லறையில் விற்கக் கூடாது என்று பொதுவிதி வகுத்து, அதற்குக் கீழே இயற்கை இலைக்கு அளவோடும் வயது வரம்போடும் இடம் கொடுப்பதே நிலைக்கக்கூடிய சட்டம். அதை இயற்றத் தேவையான அறிவு பினாங்கிலும் பாங்காக்கிலும் அமெரிக்க ஆய்வகங்களிலும் ஏற்கெனவே திரண்டிருக்கிறது. சட்டமன்றங்கள் அதைப் பயன்படுத்தாமல் தள்ளிப்போடும் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும், வலியோடு வாழ்பவர்கள் சோதிக்கப்படாத சரக்கை வாங்குகிறார்கள் அல்லது கைதுக்கு அஞ்சி மீண்டும் ஃபென்டனில் கலந்த கள்ளச்சந்தைக்குத் திரும்புகிறார்கள்.